கார்லோவி வாரி: ஒரு வெந்நீர் ஊற்று ஊரான கதை

மத்திய ஐரோப்பாவில் ஸ்பா நகரம் என்று சொன்னால், தாது உப்புகள் கலந்த ஊற்று நீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குகிற ஊர் என்று பொருள். அங்கே டாக்டர்கள் இருப்பார்கள். எந்த ஊற்றில், எந்த வேளையில், எத்தனை கோப்பை குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். மசாஜும் உண்டு, ஆனால் அது துணைக்கு வருவது. செக் குடியரசில் இப்படிப் பல ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியதும் பெயர்பெற்றதும் கார்லோவி வாரி.

பழைய புத்தகங்களில் இந்த ஊரை கார்ல்ஸ்பாட் என்ற ஜெர்மன் பெயரில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஜெர்மன் பேசியவர்கள். 1945-க்குப் பிறகு அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதனால் இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு ஆற்றுக்கும் மலைக்கும் தெருவுக்கும் இரண்டு பெயர்கள். இந்தக் கட்டுரையில் செக் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரு மன்னரில் ஆரம்பிப்பார்கள். வேட்டைக்குப் போனார், மானைத் துரத்தினார், ஊற்றைக் கண்டார் என்று. அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம். இந்த ஊரின் வரலாறு புரிய வேண்டுமானால் முதலில் தரையைப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் ஏன் இவ்வளவு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது, ஏன் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மாட்டியது, பக்கத்து ஸ்பா ஊர்களைவிட ஏன் பல நூற்றாண்டு மூத்தது என்ற எல்லாவற்றுக்கும் பதில் பாறையிலும் நீரிலும்தான் இருக்கிறது.

எங்கே இருக்கிறது?

பிராக் நகரிலிருந்து மேற்கே, சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். பொஹிமியா என்று அழைக்கப்படும் பகுதியின் மேற்கு மூலை. வடக்கே க்ருஷ்னே மலைத்தொடர். அதைத் தாண்டினால் ஜெர்மனியின் சாக்சனி மாநிலம். தெற்கே ஸ்லாவ்கோவ் காடு என்கிற மேட்டு நிலம். கிழக்கே டௌபோவ் மலைகள். நடுவில் ஒர்ஷே ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஜெர்மன்காரர்கள் இதை எகர் என்பார்கள். பவேரியாவில் பிறந்து, செக் நாட்டைக் குறுக்கே கடந்து, எல்பே நதியில் கலந்து, கடைசியில் வட கடலுக்குப் போகிற நீர் இது.

ஆனால் வெந்நீர் ஊற்றுகள் இந்தப் பெரிய ஆற்றின் கரையில் இல்லை. தெற்கேயிருந்து டெப்லா என்ற சிறிய ஆறு மலைகளுக்குள் வளைந்து வளைந்து வந்து ஒர்ஷேயில் சேர்கிறது. சேருவதற்குச் சற்று முன்னால் டெப்லா ஓடும் பள்ளத்தாக்கு மிகவும் ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்த செங்குத்துச் சரிவு. ஊற்றுகள் வெடித்து வருவது இந்த இடுக்கில்தான், சில ஆற்றின் படுகையிலேயே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கின் அடிக்கும் சுற்றியுள்ள மலை உச்சிகளுக்கும் 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

இன்று சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒர்ஷே ஓரத்து அகலமான நிலத்திலும் சுற்றியுள்ள மேடுகளிலும் இருக்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் நாம் பார்க்கும் அழகான கட்டடங்கள் டெப்லா பள்ளத்தாக்குக்குள், ஆற்றின் இரு கரையிலும் ஒற்றை வரிசையாக நெருக்கியடித்து நிற்பவை. பின்பக்கம் இடமில்லாததால் பல வீடுகளின் பின்சுவர் பாறையை ஒட்டியே இருக்கும்.

நீர் எப்படிச் சூடாகிறது?

பூமிக்கடியில் எரிமலை இருக்கிறது, அது நீரைக் கொதிக்க வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் எரிமலைகள் இருந்தது உண்மை. டௌபோவ் மலைகளே சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இயங்கிய எரிமலைத் தொகுதியின் மிச்சம்தான். மேற்கே செப் ஊருக்குப் பக்கத்தில் கோமோர்னி ஹூர்கா என்ற சின்னஞ்சிறு எரிமலை மேடு இருக்கிறது. அது இன்னும் இளையது. ஆனால் கார்லோவி வாரியின் நீரைச் சூடாக்குவது எரிமலைக் குழம்பு இல்லை, ஆழம்.

விஷயம் இப்படி. சுற்றியுள்ள மேடுகளில் மழையும் பனியும் பெய்கின்றன. அந்த நீரில் ஒரு பகுதி கிரானைட் பாறையின் விரிசல்கள் வழியே மெதுவாக உள்ளே இறங்குகிறது. மிக மெதுவாக, இறங்கித் திரும்பி வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பூமிக்குள் போகப்போகச் சூடு ஏறும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். இங்கே நீர் இறங்கும் ஆழம் சுமார் இரண்டு கிலோமீட்டர் என்று நிலவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். மேலே தரை மட்டத்து வெப்பம் பத்து டிகிரி என்று வைத்துக்கொண்டால், அடியில் 70-ஐத் தொட்டுவிடும். முக்கிய ஊற்றில் வெளிவரும் நீரின் சூடு 73 டிகிரி. எளிய கணக்குக்கே இவ்வளவு பொருந்துகிறது.

சரி, சூடான நீர் ஏன் அங்கேயே கிடக்காமல் மேலே வருகிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, பாறையில் உள்ள பெரிய விரிசல் வரிசைகள். ஒர்ஷே ஆறு ஓடும் பள்ளமே நிலம் பிளந்து தாழ்ந்ததால் உண்டான பிளவுப் பள்ளம். அதைக் குறுக்கே வெட்டும் வேறு விரிசல்களும் இருக்கின்றன. அவை சந்திக்கும் இடங்களில் பாறை நொறுங்கியிருப்பதால் நீர் வேகமாக மேலே ஏற வழி கிடைக்கிறது. டெப்லா ஆறு வேறு அந்த இடத்தில் பாறையை ஆழமாக அரித்து வைத்திருக்கிறது. சுற்றுவட்டாரத்திலேயே தாழ்வான வாசல் அதுதான்.

இரண்டாவது காரணம் கரியமில வாயு. பூமியின் மேலோட்டுக்குக் கீழேயிருந்து இந்த வாயு விரிசல்கள் வழியே இடைவிடாமல் கசிந்து வருகிறது. மேற்கு பொஹிமியா முழுவதும் இதைப் பார்க்கலாம். சில இடங்களில் சேற்றுக் குட்டைகளிலிருந்து வாயு குமிழ்குமிழாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் கூட்டம்கூட்டமாக வருவதும் இந்த வட்டாரத்தின் தனி அடையாளம். ஆழத்தில், அழுத்தத்தில், வாயு நீரில் கரைந்திருக்கும். மேலே வரவர அழுத்தம் குறைய, வாயு குமிழியாகப் பிரியும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதே, அதே வேலைதான். குமிழ்கள் நிறைந்த நீர் எடை குறைந்துவிடுவதால் கீழேயுள்ள கனமான நீர் அதைத் தள்ளிவிடுகிறது.

இந்த இரண்டும் சேர்ந்து நிகழும் இடம் வ்ரீட்லோ என்ற ஊற்று. ஊரின் இதயம் என்றே சொல்லலாம். நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் நீர், 12 மீட்டர் உயரம்வரை பீய்ச்சி அடிக்கிறது. இன்று அது ஆழ்துளைக் குழாய்கள் வழியாகக் கட்டுப்படுத்தி எடுக்கப்படுகிறது. 1975-இல் கட்டி முடிக்கப்பட்ட கண்ணாடியும் கான்கிரீட்டுமான ஒரு மண்டபத்துக்குள் இருக்கிறது. சோஷலிச ஆட்சிக் காலத்துக் கட்டடம். சுற்றியுள்ள பழைய அலங்காரக் கட்டடங்களோடு அது ஒட்டவே இல்லை என்று பலர் குறைப்படுவார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நூற்றாண்டுக்கு ஒரு முறை இந்த ஊற்றின் மேல் புதுக் கூரை போடுவது இந்த ஊரின் வழக்கம்.

மொத்தம் 80-ஐ ஒட்டிய வெந்நீர்க் கசிவுகள் ஊரில் இருப்பதாகச் சொல்வார்கள். குடிப்பதற்கென்று குழாய் வைத்தவை சுமார் 15. புதிதாகப் போகிறவர்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி மருந்து என்று நினைத்துக்கொள்வதுண்டு. உண்மையில் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை. உப்புகளின் சேர்க்கை ஏறத்தாழ ஒன்றேதான். வேறுபடுவது சூடும் வாயுவின் அளவும். வ்ரீட்லோவில் நீர் நேராக, விரைவாக மேலே வருவதால் சூடு குறையாது. வாயு பெரும்பாலும் பறந்துவிடும். சுற்றுவழியில் மெல்ல வரும் ஊற்றுகளில் நீர் ஆறிவிடும். ஆறிய நீரில் வாயு கூடுதலாகத் தங்கும். பாம்பு ஊற்று என்று பெயருள்ள ஒன்று 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதில் வாயுச் சுறுசுறுப்பு அதிகம்.

ஒரு லிட்டர் நீரில் ஆறு கிராமுக்குச் சற்று அதிகமான உப்புகள் கரைந்திருக்கின்றன. சோடியம் சல்பேட், சோடியம் பைகார்பனேட், சாதாரண உப்பு ஆகியவை முக்கியமானவை. சோடியம் சல்பேட் குடலை இளக்கும். அதிகம் குடித்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். வயிறு, குடல், ஈரல் தொடர்பான நோய்களுக்கு இந்த ஊர் பேர்போனது இதனால்தான். சுவையை நல்லது என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பான, கொஞ்சம் உப்புக் கரிக்கிற, இரும்பு வாடை அடிக்கிற நீர்.

ஊற்று தானே போட்டுக்கொண்ட தரை

இந்த ஊரின் பழைய வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்னொரு விஷயம் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 2,000 லிட்டர், லிட்டருக்கு ஆறு கிராமுக்கு மேல் உப்பு என்று கணக்குப் போட்டால், வ்ரீட்லோ ஒரு நாளைக்கு 17, 18 டன் கனிமப் பொருளை மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி ஆற்றோடு போய்விடும். ஆனால் வாயு வெளியேறும்போது சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்திருக்க முடியாமல் கல்லாகப் படிகிறது. அரகோனைட் என்ற கனிமம் அது. இரும்புச் சத்தும் சேர்வதால் பழுப்பும் சிவப்பும் வரிவரியாக ஓடும் அழகான கல். காகித ரோஜாக்களை ஊற்று நீரில் போட்டு வைத்து, மேலே கல் படிந்ததும் எடுத்து நினைவுப் பொருளாக விற்பார்கள்.

பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த இந்தக் கல், பள்ளத்தாக்கின் அடியில் ஒரு கெட்டியான ஓடாக மாறியிருக்கிறது. பழைய ஊரின் நடுப்பகுதி இந்த ஓட்டின் மேல்தான் நிற்கிறது. ஓட்டுக்குக் கீழே அழுத்தத்தோடு சூடான நீரும் வாயுவும். எங்காவது ஓடு பலவீனமானால் நீர் பிய்த்துக்கொண்டு வெளிவரும், பெரும்பாலும் ஆற்றுப் படுகையில். அப்படி நடந்தால் மற்ற ஊற்றுகளின் நீர் குறைந்துபோகும். ஊரின் பிழைப்பே அந்த நீர்தான் என்பதால், ஓட்டையை அடைப்பது பல நூற்றாண்டுகளாக நகராட்சியின் தலைவலியாக இருந்தது.

இன்றும் ஊற்றுகளைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டங்கள் உண்டு. அந்த எல்லைக்குள் தோண்டுவதற்கும் சுரங்கம் வெட்டுவதற்கும் கடுமையான கட்டுப்பாடு. மேற்கே சோகோலோவ் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இருப்பதால் இது வெறும் சடங்கு இல்லை.

மன்னருக்கு முன்னால்

வெந்நீர் ஊற்று இவ்வளவு பெரியது. குளிர்காலத்தில் ஆவி எழும்புவது தூரத்திலிருந்தே தெரியும். அப்படியிருக்க இதை ஒருவரும் பார்க்காமல் 14-ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னர் வந்துதான் கண்டுபிடித்தார் என்பது நம்பும்படியாக இல்லை.

தொல்லியல் சான்றுகளும் அதைத்தான் சொல்கின்றன. இன்றைய நகர எல்லைக்குள் ட்ராஹோவிட்செ என்ற பகுதியில் வெண்கலக் காலத்து அரண் ஒன்றின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் ஸ்லாவிய மக்கள் ஒர்ஷே ஓரத்தில், தாஷோவிட்செ, செட்லெட்ஸ் போன்ற இடங்களில் குடியிருந்தார்கள். இவையெல்லாம் ஊற்றிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் ஒன்றும் டெப்லா பள்ளத்தாக்குக்குள் இல்லை.

ஏன் என்று யோசித்தால் பதில் தரையிலேயே தெரிகிறது. உழுவதற்கு ஓரடி சமநிலம் கிடையாது. வெயில் மலைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம்தான் விழும். மழை பெய்தால் ஆறு பொங்கும். தரை அங்கங்கே ஆவி விடும். விவசாயம் செய்து பிழைக்கிறவன் இங்கே குடியேற ஒரு காரணமும் இல்லை. வந்து காலை நனைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பான். இது என் ஊகம்தான், ஆனால் நிலத்தைப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. இங்கே ஊர் உருவாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் பணம் கொடுத்துத் தங்க வேண்டும். அதற்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவு தேவைப்பட்டது.

மானும் மன்னரும்

அந்தப் பெரிய மனிதர் நான்காம் சார்லஸ். 1316-இல் பிராகில் பிறந்தவர். 1346-இல் பொஹிமியாவின் அரசர், 1355-இல் புனித ரோமப் பேரரசர். பிராகில் பல்கலைக்கழகத்தை 1348-இல் நிறுவியவரும் அவரே. கார்லோவி வாரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், ஒர்ஷே ஆறு ஒரு பாறைக் குன்றைச் சுற்றி வளையும் இடத்தில் லோகெட் கோட்டை இருக்கிறது. சார்லஸுக்கு அது புதிய இடம் இல்லை. மூன்று வயதில் அவரை அவருடைய அப்பாவே அந்தக் கோட்டையில் இருட்டறையில் அடைத்து வைத்திருந்தார். அரசிக்கும் அரசருக்கும் நடுவே அதிகாரச் சண்டை, பிள்ளை பணயம். பெரியவரானதும் அதே கோட்டைக்கு வேட்டையாட வந்து போய்க்கொண்டிருந்தார்.

கதை என்ன சொல்கிறது என்றால்: லோகெட்டிலிருந்து வேட்டைக்குப் போன மன்னரின் நாய் ஒரு மானைத் துரத்தியது. மான் உயரமான பாறையிலிருந்து கீழே குதித்தது. பின்னால் பாய்ந்த நாய் கொதிக்கும் குட்டையில் விழுந்து அலறியது. ஓடி வந்த வேட்டைக்காரர்கள் வெந்நீர் ஊற்றைப் பார்த்தார்கள். நோயுற்ற தன் காலை மன்னர் அதில் வைத்தார், குணமானது, இங்கே ஒரு ஊர் எழும்பட்டும் என்றார். ஊருக்கு மேலே மான் குதித்த பாறை என்று ஓரிடத்தை இன்றும் காட்டுகிறார்கள். சந்தை மண்டபத்தில் இந்தக் காட்சியைச் சிற்பமாகவும் வைத்திருக்கிறார்கள்.

இதை எழுத்தில் கொண்டுவந்தவர் ஃபேபியன் சோமர் என்ற மருத்துவர், 1571-இல். அதாவது சார்லஸ் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. பெரிய ஊற்றுகளுக்கு இப்படி மிருகமும் வேட்டையும் சேர்ந்த கதை ஐரோப்பாவில் பல இடங்களில் உண்டு. ஆகவே மானை மானாகவே விட்டுவிடலாம்.

ஆவணத்தில் உறுதியாக நிற்பது ஒரு தேதி: 1370 ஆகஸ்ட் 14. அன்று சார்லஸ் இந்தக் குடியிருப்புக்கு லோகெட் நகரத்துக்கு இருந்த அதே உரிமைகளைக் கொடுத்தார். நகர உரிமை என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். சொந்தமாக நிர்வாகம், நீதி, வணிகம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. உரிமை கொடுக்கும் அளவுக்கு அதற்கு முன்பே ஒரு குடியிருப்பு இருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 1350-ஐ ஒட்டி அது உருவானதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. லோகெட் பக்கத்து வெந்நீர்க் குளியல் என்றுதான் குறிப்பிட்டார்கள். சார்லஸின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஊற்றுக்கு எதிரே சந்தைக்கு மேலே ஒரு சிறிய கோட்டையையும் அவர் கட்டினார். ஊர் அதன் காலடியில் வளர்ந்தது. அவருடைய மகன் நான்காம் வென்செஸ்லாஸ் 1401-இல் ஊருக்குள் ஆயுதம் ஏந்தத் தடை விதித்து, அதைத் தஞ்சம் புகலாம் என்ற இடமாக அறிவித்தார். நோயாளிகள் வந்து போகும் ஊருக்கு இதைவிட நல்ல விளம்பரம் என்ன இருக்க முடியும்? அடுத்தடுத்து வந்த மன்னர்களும் ஊரின் உரிமைகளைப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். இடையில் 1430-களிலிருந்து 1547 வரை ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பத்தின் பிடியில் இருந்தது. வடக்கே யாகிமோவ் மலைகளில் வெள்ளிச் சுரங்கம் நடத்திப் பெரும் பணம் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

குளியலிலிருந்து குடிப்பதற்கு

முதல் நூற்றைம்பது ஆண்டுகள் இங்கே வந்தவர்கள் குடித்தார்கள் என்பதைவிட ஊறினார்கள் என்று சொல்வதே பொருத்தம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்கூடத் தொட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். தோல் ஊறி, சிவந்து, வெடிக்கும். வெடிப்பு வழியாக நோய் வெளியே போய்விடும் என்பது நம்பிக்கை. சிகிச்சையா தண்டனையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் உடலில் கெட்ட நீர் தேங்குவதால்தான் நோய் வருகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. அந்தக் கணக்கில் இது நியாயமான வைத்தியம்தான்.

1522-இல் மாற்றம் ஆரம்பித்தது. லோகெட்டைச் சேர்ந்த வாட்ஸ்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த நீரைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதி லைப்சிக்கில் அச்சிட்டார். கார்லோவி வாரி சிகிச்சையைப் பற்றிய முதல் மருத்துவ நூல் இதுவே. குளிப்பதோடு நிறுத்தாமல் நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அச்சுக்கலை வந்த புதிதில் இப்படி ஒரு நூல் வெளியானதால் ஊரின் பெயர் ஜெர்மன் நாடுகளில் பரவியது. அதற்கு முன்பே, 1500-ஐ ஒட்டி, பொஹூஸ்லாவ் என்ற லோப்கோவிட்ஸ் குடும்பத்துப் பிரபு ஊற்றைப் புகழ்ந்து லத்தீனில் கவிதையும் எழுதியிருந்தார்.

பாயருக்குப் பிறகு குடிக்கும் பழக்கம் மெல்ல மெல்லக் கூடியது, பின்னால் அளவு மீறியும் போனது. சன்னல் சாத்திய, சூடேற்றிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கோப்பை கோப்பையாகக் குடித்தார்கள். இதை ஒழுங்குபடுத்தியவர் டேவிட் பெஹர் (1725–1792). ஊற்றின் பக்கத்திலேயே நின்று, சூடும் வாயுவும் போவதற்குள் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு நடக்க வேண்டும் என்றார் இந்த மருத்துவர். நீரை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். அதிலிருந்து உப்பைக் காய்ச்சி எடுத்து வெளியூருக்கு அனுப்பும் தொழிலும் அவர் காலத்தில், 1764-இல், தொடங்கியது. இன்று கையில் மூக்கு வைத்த பீங்கான் கோப்பையோடு, நீரை உறிஞ்சிக்கொண்டே மண்டபங்களில் உலவுகிறவர்கள் செய்வது பெஹர் சொன்னதைத்தான்.

அவரையும் பெஹெரோவ்கா மதுவையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூலிகை சேர்ந்த அந்த மது வேறொரு பெஹர், யோசெஃப் என்பவரின் கடையில் 1807-இல் விற்பனைக்கு வந்தது.

நீரும் நெருப்பும்

ஒடுக்கமான பள்ளத்தாக்கில் மர வீடுகளை நெருக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் பாடமாகவே இருந்தது. 1582 மே 9 அன்று டெப்லா ஆறு பெருவெள்ளமாக வந்து ஊரைச் சூறையாடியது. 22 ஆண்டுகள் கழித்து, 1604 ஆகஸ்ட் 13 அன்று தீ. ஊரில் இருந்த 102 வீடுகளில் 99 எரிந்துபோயின. சார்லஸின் கோட்டையும் அந்தத் தீயில் போனது. 102 வீடு என்பதைக் கவனியுங்கள்: ஐரோப்பா முழுக்கப் பெயர் தெரிந்த ஊர், உரிமை பெற்று 230 ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வளவுதான் இருந்தது. பள்ளத்தாக்கில் அதற்கு மேல் இடம் இல்லை.

அப்புறம் 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர். படைகள் வந்து போயின, விருந்தினர்கள் வரவில்லை. ஸ்பா ஊருக்கு இதைவிடப் பெரிய பஞ்சம் கிடையாது. கோடைக்காலம் மட்டுமே சீசன் என்பதால் ஊர்க்காரர்கள் எப்போதுமே கைத்தொழிலையும் வைத்திருந்தார்கள். குண்டூசி, ஈயப் பாத்திரம், கத்தி, துப்பாக்கி செய்வதில் பேர்வாங்கினார்கள். குளிர்காலத்தில் செய்து வைத்ததைக் கோடையில் வரும் பிரபுக்களிடம் விற்பது வழக்கம்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை தேறியது. சாக்சனி, போலந்துப் பிரபுக்கள் வரத் தொடங்கினார்கள். 1707-இல் பேரரசர் முதலாம் ஜோசப் ஊரை அரசரின் நேரடிச் சுதந்திர நகரமாக உயர்த்தினார். 1711-இலும் 1712-இலும் ரஷ்யாவின் மகா பீட்டர் வந்தார். அவருடைய வருகையின் விளைவு மிக நீண்டது. இன்றுவரை ரஷ்யர்களுக்கும் இந்த ஊருக்கும் தனி ஒட்டு. இசையமைப்பாளர் பாக் தன் பிரபுவோடு 1718-இலும் 1720-இலும் வந்தார். இரண்டாம் முறை ஊர் திரும்பியபோது அவருடைய மனைவி இறந்து அடக்கமும் ஆகியிருந்தது.

1759 மே 23 அன்று மறுபடியும் தீ. இந்த முறை 224 வீடுகள். இதோடு மர ஊர் முடிந்தது. கல்லிலும் செங்கல்லிலும் புதிதாகக் கட்டினார்கள். கதே 1785-இல் முதன்முதலாக வந்து, பின்னர் மொத்தம் 13 முறை வந்து தங்கிய ஊர் இந்தப் புதிய ஊர்தான். கவிஞர் என்று நாம் அறிந்த அந்த மனிதர் இங்கே மலைகளில் அலைந்து கல் பொறுக்கினார், கிரானைட்டைப் பற்றியும் வெந்நீர் எப்படி வருகிறது என்பதைப் பற்றியும் எழுதினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அதற்குப் பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சுற்றுலா நூல்கள் எல்லாம் அதைத்தான் விரிவாக எழுதுகின்றன. 1870-இல் ரயில் வந்தது. 1871-க்கும் 1881-க்கும் இடையில் யோசெஃப் ஸீட்டெக் 124 தூண்கள் கொண்ட ஆலை மண்டபத்தைக் கட்டினார். பெரிய ஹோட்டல்கள் எழும்பின. 1890 நவம்பரில் டெப்லா மறுபடியும் பொங்கி ஊரை மூழ்கடித்தது. 1930-களில் மேலே ப்ரெஸோவாவில் அணை கட்டிய பிறகுதான் ஆறு அடங்கியது. 2021-இல் யுனெஸ்கோ, ஏழு நாடுகளின் 11 ஸ்பா நகரங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தபோது கார்லோவி வாரியும் அதில் இடம்பெற்றது.

பக்கத்து ஊர்கள் ஏன் இளையவை?

அந்தப் பட்டியலில் செக் நாட்டின் மூன்று ஊர்கள் இருக்கின்றன. மற்ற இரண்டு மரியான்ஸ்கே லாஸ்னெ, ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னெ. மூன்றும் மேற்கு பொஹிமியாவில் ஒன்றுக்கொன்று பக்கம்தான். ஆனால் ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னெ நிறுவப்பட்டது 1793-இல். மரியான்ஸ்கே லாஸ்னெ ஸ்பா ஊராக எழுந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கார்லோவி வாரியைவிட நானூறு ஆண்டுக்கு மேல் இளையவை.

ஒரே வட்டாரம், அடியிலிருந்து வரும் அதே கரியமில வாயு. வித்தியாசம், அந்த இரண்டு ஊர்களிலும் நீர் குளிர்ந்தது. ஆழமாக இறங்கிச் சூடாகி வரும் சுற்று அங்கே இல்லை. குளிர்ந்த நீரைக் குளிக்கப் பயன்படுத்த விறகு வேண்டும், கொப்பரை வேண்டும். குடிக்கலாம் என்றால் அதற்குக் குடிப்பதுதான் வைத்தியம் என்ற எண்ணம் முதலில் வர வேண்டும். வேதியியல் வளர்ந்து நீரில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டு மனிதனுக்கு வெந்நீர் ஊற்றின் பயன் ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும். கார்லோவி வாரிக்கு நானூறு ஆண்டு முன்தொடக்கம் கிடைத்தது அந்த 73 டிகிரியால்தான் என்பது என் கணிப்பு.

பழைய ஊரைத் தேடிப் போனால்

சார்லஸ் காலத்துக் கட்டடம் எதையும் ஊருக்குள் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு தீயிலும் எல்லாம் போய்விட்டது. சந்தைக்கு மேலே தெரியும் கோட்டைக் கோபுரம், எரிந்த கோட்டையின் இடத்தில் 1608-இல் எழுப்பியது. வ்ரீட்லோ மண்டபத்துக்கு மேலே நிற்கும் புனித மரிய மகதலேனா ஆலயம் கிலியான் இக்னாஸ் டீன்ட்சென்ஹோஃபர் வடிவமைத்து 1730-களில் கட்டியது. இரண்டாவது தீக்கு முந்தியது. உண்மையான இடைக்காலத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறி லோகெட்டுக்குப் போய்விடுவது நல்லது. கோட்டை இன்னும் அங்கேயே நிற்கிறது.